சோதனை ஓட்டத்தில்தான் சக்கரம் விழுந்தது: ஆபத்துகளை முன்கூட்டியே பட்டியலிட ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில் பூ வாங்க நிற்கும்போது தலைக்கு மேலே மோனோரயில் போகும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இந்தத் தடம் திறக்கப்பட்டது 2003 ஆகஸ்டில். அதற்கு ஓராண்டு முன்பே, சோதனை ஓட்டத்தில் இருந்த ரயிலிலிருந்து 13.5 கிலோ பாதுகாப்புச் சக்கரம் ஒன்று கழன்று, கீழே நடந்துபோன பத்திரிகையாளர் ஒருவர்மேல் விழுந்தது. பயணிகளே ஏறாத ரயில்! இப்படிப்பட்ட ஆபத்துகளை வடிவமைக்கும்போதே பட்டியலிட ஐந்து படிகள் இதோ.

படி 1: எல்லைக்கோடு

எதையெல்லாம் ஆராய்வது என்று எல்லை வரையும்போது வெள்ளைப் பலகையில் ரயில், தூண், நிலையம் எல்லாம் வந்துவிடும். விட்டுப்போவது கடை வரிசையின் அஞ்சடி நடைபாதை. அங்கே நடப்பவரும் உங்கள் கோட்டுக்குள் வரவேண்டும்.

படி 2: ஆற்றல் எங்கே ஒளிந்திருக்கிறது?

'என்ன பழுதாகும்' என்று தொடங்காதீர்கள், பட்டியல் நீண்டுகொண்டே போகும். உயரம், வேகம், மின்சாரம், அழுத்தம், வெப்பம் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது ஏறத்தாழ மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் இருக்கும். கப்சாய் மோட்டார்சைக்கிள் ஓடும் வேகம்தான், ஆனால் வருவது தலைக்கு நேர் மேலிருந்து.

படி 3: வழக்கமில்லாத நேரங்கள்

என்னைக் கேட்டால் பாதி நேரத்தை இங்கேதான் செலவிடச் சொல்வேன். சோதனை, பழுதுபார்ப்பு, இழுத்துச் செல்வது, மின்தடைக்குப் பின் மறுபடி கிளப்புவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தாள் போடுங்கள்.

2021 மே 24 இரவு, கம்போங் பாருவுக்கும் கேஎல்சிசிக்கும் இடையே சுரங்கத்தில் இரண்டு எல்ஆர்டி ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்று 213 பேரோடு கணினிக் கட்டுப்பாட்டில் வந்தது; மற்றது காலி, ஆள் கையால் ஓட்டியது. 47 பேருக்குப் பலத்த காயம். மோதல் நடந்த கிளானா ஜெயா தடத்தில் 1998 முதலே ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகின்றன. அப்படிப்பட்ட ரயிலைக் கையால் நகர்த்தும் அந்தச் சில நிமிடங்களில் இடைவெளியைக் காப்பது யார்? திசை தவறினால் தடுப்பது எது? வரைபடக் கட்டத்திலேயே கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

படி 4: வரியை எழுதும் விதம்

'சக்கரப் பழுது' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'சோதனை ஓட்டத்தில் திருகு தளர்ந்து சக்கரம் கழன்று விழும். கீழே நடப்பவருக்குத் தலைக்காயம்' என்று எழுதுங்கள். மூலம், வழி, அடிபடுபவர் மூன்றும் இருக்கட்டும். இடர் மதிப்பெண் பிறகு போடலாம். இப்போதே போட்டால், 'நடக்காது' என்று நினைப்பவை தாளுக்கே வராது.

மலேசியாவில் 2024 ஜூன் 1 முதல் இடர் மதிப்பீடு முதலாளிகளின் சட்டக் கடமை. அதனால் பலர் ஹிராக் (ஆபத்து அறிதல், இடர் மதிப்பீடு, இடர் கட்டுப்பாடு) பாரத்தை நிரப்பிக் கோப்பில் போட்டுவிடுகிறார்கள், அதுவும் வேலை தொடங்கிய பிறகு. தாளில் இருக்கும்போது சக்கரத்துக்கு இரண்டாவது பூட்டு சேர்ப்பது ஒரு கோடு. கட்டி முடித்தபின் மிஞ்சுவது எச்சரிக்கைப் பலகை.

படி 5: யாரைக் கூப்பிடுவது?

வடிவமைப்பாளர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதாது. டிப்போவில் இரவு ஷிப்ட் பார்க்கும் அண்ணனைத் தேநீரோடு உட்காரவைத்து, "அவசரத்துக்கு எதைத் தாண்டிப் போவீங்க?" என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் தேதியும், அந்த வரியை முடித்துவைக்கப் பொறுப்பானவர் பெயரும்.