டான் கேபிளிடம் எதை எடுத்துக்கொள்வது?



கல்லூரி மல்யுத்த அணி ஒன்றின் பொறுப்பை ஏற்கும் இளைஞர் எவரும் முதல் வாரத்திலேயே டான் கேபிள் என்ற பெயரைக் கேட்டுவிடுவார். 1976 முதல் 1997 வரை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர். 21 பருவங்களில் 15 தேசியப் பட்டங்கள். அயோவா ஆடிய பிக் டென் வட்டாரத் தொடரின் பட்டமோ, 21 முறையும் அவர் அணிக்கே. அணிக்கு அணி மோதிய ஆட்டங்களில் 355 வெற்றி, 21 தோல்வி, 5 சமன். இந்தக் கணக்கை ஒப்பிப்பவர்கள் அடுத்த மூச்சிலேயே அவருடைய கடுமைக்குத் தாவிவிடுவார்கள். உடல் ஓய்ந்து விழும்வரை பயிற்சி, பிறகு நீராவி அறை, மறுநாள் மீண்டும் அதே. கேட்கிற இளைஞருக்கு, ஒரு விசிலும் உரத்த குரலும் இருந்தால் தானும் கேபிள் ஆகிவிடலாம் என்று தோன்றும். அவரிடமிருந்து நகலெடுக்க எளிதானது அந்தக் கடுமை. அதைத் தாண்டி அவர் செய்தவைதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

மல்லராக அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாகவும் இருக்கும். 1948இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரத்தில் பிறந்தார். பள்ளியில் 64 போட்டிகள், 64 வெற்றிகள். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 117 வெற்றிகள், ஒரே ஒரு தோல்வி. (அயோவா ஸ்டேட் வேறு, அயோவா வேறு. தான் படித்த கல்லூரியின் பரம எதிரிக்குத்தான் பிற்காலத்தில் அவர் பயிற்சியாளரானார். அந்த மாநிலத்தில் இது சாதாரண விஷயமல்ல.) அந்தத் தோல்வியும் கல்லூரி வாழ்வின் கடைசிப் போட்டியில் வந்தது. 1970 தேசிய இறுதிப் போட்டியில், 142 பவுண்டுப் பிரிவில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸ் 13-11 என்று அவரை வென்றார். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே எடையைக் குறைத்துக்கொண்டு அந்தப் பிரிவுக்கு வந்தவர் ஓவிங்ஸ். இரண்டு ஆண்டுகள் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் கேபிள் ஆறு போட்டிகளில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காமல் 68 கிலோ தங்கத்தை வென்றார்.

அவருடைய அக்கா டயான் 1964இல் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அப்போது கேபிளுக்கு 15 வயது. அந்தத் துயரத்திலிருந்துதான் வீரன் பிறந்தான் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். இளம் மல்லர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி ஊக்கமூட்டுவதை ஒரு பயிற்சியாளர் தவிர்த்துவிடலாம். ஒரு குடும்பத்தின் இழப்பு பயிற்சிக் கருவி ஆகாது.

இனி பயிற்சியாளர் கேபிள். ஒலிம்பிக் தங்கத்தோடு வந்தவரை அயோவா உடனே தலைமை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. கேரி குர்டல்மையரின் கீழ் நான்கு ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளும் குர்டல்மையரின் தலைமையில் அயோவா தேசியப் பட்டம் வென்றது. பொறுப்பு கேபிளின் கைக்கு வந்த முதல் பருவத்திலேயே பட்டம் நழுவி, அயோவா ஸ்டேட்டிடம் போய்விட்டது. முன்னவர் வென்றதைப் பின்னவர் இழந்தார். 15 பட்டங்களின் பளபளப்பில் இந்த 1977ஐ யாரும் கவனிப்பதில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் முதலில் பார்க்க வேண்டிய ஆண்டு அதுதான். அடுத்த ஆண்டு தொடங்கி 1986 வரை ஒன்பது ஆண்டுகள் பட்டம் கை மாறவே இல்லை.

எப்படி? முதலில் போட்டியின் விதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் அல்ல. கீழே விழுந்தவரை எழவிடாமல் அடக்கி வைத்திருப்பதற்கே அங்கே மதிப்பு உண்டு. எதிராளியைவிட ஒரு நிமிடம் கூடுதலாக மேலே இருந்தால் தனியாக ஒரு புள்ளி. ஃப்ரீஸ்டைலில் தரையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். ஏழு நிமிடம் ஒருவன் முதுகின்மேல் இன்னொருவன் பாரத்தைச் சுமத்திக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் மூச்சு யாருக்கு நீடிக்கிறதோ அவருக்கே ஆதாயம். கேபிளின் பயிற்சி இந்த விதிகளுக்காகத் தைத்த சட்டை. அதை ஃப்ரீஸ்டைல் ஆடும் பிள்ளைகளுக்கு அப்படியே மாட்டிவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது, அணிக் கணக்கு. தேசியப் போட்டியில் பத்து எடைப் பிரிவுகளிலும் தனித்தனியாக மோதுகிறார்கள்; ஒவ்வொருவரும் கொண்டுவரும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே அணியின் இடத்தைத் தீர்மானிக்கிறது. எதிராளியின் இரு தோள்களையும் மேட் என்னும் விரிப்பில் பதித்து முடித்தால் கூடுதல் புள்ளி; பெரிய வித்தியாசத்தில் வென்றாலும் கூடுதல். முன்னிலை கிடைத்ததும் பின்வாங்கிக் காலத்தைக் கடத்துகிற மல்லர், தான் வெல்வார்; ஆனால் அணிக்கு அந்தக் கூடுதல் புள்ளிகளைச் சேர்க்க மாட்டார். கேபிளின் பிள்ளைகள் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தாலும் ஒன்பதாவதைத் தேடிப் போனதற்கு வெறியைவிட இந்தக் கணக்கே காரணம். அவரிடம் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜே ராபின்சன் இந்தக் கணக்கை அதன் எல்லைவரை கொண்டுபோனார். 2001இல் அவருடைய மின்னசோட்டா அணி தேசியப் பட்டம் வென்றபோது, அதில் ஒருவர்கூட இறுதிப் போட்டிக்குப் போயிருக்கவில்லை. ஆனால் பத்துப் பிரிவுகளிலும் பத்துப் பேரும் முதல் எட்டு இடங்களுக்குள் வந்திருந்தார்கள். ஒரு நட்சத்திரத்தைச் செதுக்குவதிலேயே நான்கு ஆண்டுகளைச் செலவழிக்கும் பயிற்சியாளர்களுக்கு அந்தப் பட்டியலை அனுப்பி வைக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியமானது: பயிற்சிக்கூடம். முதல்தரமான ஒரு மல்லரோடு தினமும் மோதும் இரண்டாமவரும் முதல்தரத்தை எட்டுவார். பட்டப்படிப்பு முடிந்தும் ஒலிம்பிக்குக்காகத் தங்கிப் பழகும் மூத்தவர்கள், துணைப் பயிற்சியாளர்கள், புதிதாய் வந்த பதினெட்டு வயதுப் பையன்கள் எல்லோரும் அயோவாவில் ஒரே கூடத்தில் புரண்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கேபிள் அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளர். சோவியத் அணி புறக்கணித்த அந்தப் போட்டியில் ஃப்ரீஸ்டைலில் கிடைத்த ஏழு தங்கங்களில் மூன்று, அந்தக் கூடத்திலிருந்து போன ராண்டி லூயிஸ், எட் பனாக், லூ பனாக் ஆகியோருடையவை. பின்னாளில் டாம் பிராண்ட்ஸ், டெர்ரி பிராண்ட்ஸ் என்ற இரட்டையர் அதே மேட்டில் ஒருவரையொருவர் அரைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். டாம் 1996இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். டெர்ரிக்கு 2000இல் வெண்கலம்.

வீழ்ச்சியும் இருந்தது. 1987இல் பத்தாவது தொடர் பட்டத்தை எதிர்பார்த்து அயோவா மல்லர்கள் பத்தைக் குறிக்கும் ரோமன் எழுத்தான எக்ஸை உடையில் பொறித்துக்கொண்டு வந்தார்கள். பட்டத்தை அயோவா ஸ்டேட் எடுத்துக்கொண்டது. தொடர்ந்து 1990 வரை நான்கு ஆண்டுகள் வறட்சி. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும், முன்பு ஒன்பது பட்டங்களை வாங்கித் தந்தவர் என்பதற்காகப் பத்தாவது ஆண்டின் தோல்வியை யாரும் மன்னித்துவிடுவதில்லை. பிராண்ட்ஸ் சகோதரர்களின் தலைமுறை தேறிவந்ததும் 1991, 1992, 1993 பட்டங்கள் திரும்பின. கூடம் நிரம்பியபோது கோப்பையும் வந்தது.

இப்போது எடைக் குறைப்பு. இதில் கேபிளின் காலத்துப் பழக்கம் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீராவி அறையில் உட்கார்ந்தும், ரப்பர் உடை அணிந்து ஓடியும் உடலின் நீரை வற்றடித்து எடைத்தட்டில் ஏறுவது அன்று அமெரிக்கா முழுக்க வழக்கம். கேபிள் விலகிய அதே 1997இன் கடைசி மாதங்களில், சில வாரங்களுக்குள் மூன்று வெவ்வேறு கல்லூரிகளின் மூன்று மல்லர்கள் இப்படி எடை குறைக்கும்போது இறந்தார்கள். அதன் பிறகே கல்லூரி விளையாட்டு நிர்வாகம் எடை குறைக்க நீராவி அறையையும் ரப்பர் உடையையும் தடைசெய்தது. எடைபார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு அருகே கொண்டுவந்தது. தாகத்தைப் பொறுப்பதை வீரம் என்று பேசும் பெரியவர் ஒருவர் எல்லா ஊர்க் கூடத்திலும் இருப்பார். அவரை மரியாதையோடு வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும்.

கேபிளின் கடைசிப் பருவத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1997 ஜனவரியில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை. மார்ச்சில் தேசியப் போட்டி, அவர் பிறந்த வாட்டர்லூவை ஒட்டிய சீடார் ஃபால்ஸ் நகரில். ஊன்றுகோலோடு வந்து மேட்டோரம் உட்கார்ந்தார். அயோவாவுக்கு ஐந்து தனிநபர் பட்டங்கள். 170 புள்ளிகள், அன்றைக்குப் புதிய சாதனை. அந்த ஐவரில் 118 பவுண்டுப் பிரிவின் ஜெஸ்ஸி விட்மர், ஆண்டுக்கணக்காக முதல் அணியில் இடம் கிடைக்காமல், முன்னால் இருந்தவர்களுக்குப் பயிற்சித் துணையாகவே புரண்டவர். கடைசி ஆண்டில் இடம் கிடைத்தது. தேசிய வாகையராக வெளியேறினார். அவரைச் சலிப்படைந்து போகாமல் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தது விசில் அல்ல என்பது நிச்சயம்.

அந்த 170ஐ 2024இல் 172.5 புள்ளிகளோடு முறியடித்தது பென் ஸ்டேட். பயிற்சியாளர் கேல் சாண்டர்சன், கேபிள் படித்த அதே அயோவா ஸ்டேட்டின் மல்லர். 159 போட்டிகள் ஆடித் தோல்வியே காணாதவர். பயிற்சியாளராக 2011 முதல் 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். அவருடைய கூடத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பையும் விளையாட்டையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். டாம் பிராண்ட்ஸோ அயோவாவின் பயிற்சியாளராகக் கேபிள் வழிக் கடுமையோடே 2008, 2009, 2010, 2021 பட்டங்களை வென்றார். குணத்தில் இரு துருவங்கள். இருவர் கூடத்திலும் ஒவ்வொரு எடையிலும் மூன்று நான்கு நல்ல மல்லர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே முதல் வாரப் பயிற்சி அட்டவணையை எழுதும் முன் இரண்டு பெயர்ப் பட்டியல்களைத் தயார் செய்துகொள்ளுங்கள், தம்பி. ஒன்றில் ஒவ்வொரு எடையிலும் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் நிற்பவர்கள். இன்னொன்றில் படிப்பு முடிந்த பிறகும் மாலையில் வந்து மேட்டில் இறங்கத் தயாராக உள்ள மூத்த மாணவர்கள். அட்டவணை தயாரானதும் அனுப்பி வையுங்கள், படித்துச் சொல்கிறேன். எடை பற்றிய பக்கத்தை மட்டும் முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.