தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீரா?

ஒரு குடம் கலங்கிய தண்ணீர் இருக்கிறது. பாட்டி என்ன செய்வார்? மண்பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். காலையில் பார்த்தால் சேறு அடியில் படிந்திருக்கும். மேலே தண்ணீர் தெளிந்திருக்கும்.

இது மூடநம்பிக்கை அல்ல. கலங்கிய நீரில் மிகச் சிறிய மண் துகள்கள் மிதக்கின்றன. அவை ஒன்றை ஒன்று விலக்கித் தள்ளுகின்றன. அதனால் கீழே படிவதில்லை. தேத்தாங்கொட்டையில் உள்ள பொருள் அவற்றை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைக்கிறது. கனம் கூடியதும் துகள்கள் இறங்கிவிடுகின்றன. முருங்கை விதைப் பொடியும் இதே வேலையைச் செய்யும். நகரக் குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்வதும் இதுதான்.

சரி, கரைந்துபோன பொருளைத் தேத்தாங்கொட்டை இறக்குமா? உப்புக் கரைத்த நீரில் அதைத் தேய்த்துப் பாருங்கள். நீர் கரிக்கத்தான் செய்யும். பீன்யாவின் தண்ணீரில் உள்ள கோளாறும் இப்படிக் கரைந்து கிடக்கும் கோளாறுதான்.

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையில் இருக்கிறது பீன்யா. 1970-களில் உருவான தொழிற்பேட்டை. ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடிப் போய் அங்கே குடியேறியவர்கள் பலர். லேத் பட்டறை, தையல் ஆலை, வண்ணம் பூசும் கூடம் எல்லாம் அங்கே உண்டு. முலாம் பூசும் பட்டறைகளும் நிறைய உண்டு.

சைக்கிளின் ஹேண்டில் பார் பளபளக்கிறதே, எப்படி? இரும்பின் மேல் குரோமியம் என்ற உலோகத்தை மெல்லிய தோல்போலப் பூசுகிறார்கள். குரோமியம் கரைந்த தொட்டியில் இரும்பை முக்குகிறார்கள். மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பிறகு வெளியே எடுத்துத் தண்ணீரில் அலசுகிறார்கள். அலசிய அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

குரோமியத்தில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று, மூன்று இணைதிறன் குரோமியம். இது நீரில் எளிதில் கரையாது. தீங்கும் குறைவு. மற்றொன்று, ஆறு இணைதிறன் குரோமியம். முலாம் தொட்டியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். நீரில் நன்றாகக் கரையும். மண்ணில் இறங்கி ஊற்றுநீரில் கலக்கும். புற்றுநோயை உண்டாக்கும். பாதுகாப்பு இல்லாமல் பல ஆண்டுகள் இந்தத் தொட்டியருகே வேலை செய்பவர்களுக்குக் கையில் புண் வரும். மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவதும் உண்டு. பீன்யாவின் நிலத்தடி நீரில் ஆய்வாளர்கள் கண்டது இந்த ஆறு இணைதிறன் குரோமியத்தைத்தான்.

குடிநீரில் குரோமியம் எவ்வளவு இருக்கலாம்? ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராம் வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் கால் பங்குதான் ஒரு கிராம்! அதற்கு மேல் போனால் அந்த நீர் குடிக்க ஆகாது. அளவு மிக அதிகமானால் நீர் மஞ்சளாகத் தெரியும். கொஞ்சமாக இருந்தால் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர். குரோமியம் பாத்திரத்திலேயே நிற்கும்.

வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறார்களே, அதில் இது போகாதா என்று கேட்கலாம். அந்த முறையில் வேலை செய்பவை கிருமிகள். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். கிருமிகள் பெருகின. அவை அழுக்கைத் தின்றன. பிறகு சேறாகக் கீழே படிந்தன. அந்தச் சேற்றையே அடுத்த கழிவுநீரில் விட்டார்கள். வேலை இன்னும் விரைவாக நடந்தது. நாம் தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதுபோல. இவர்களுக்கு வழிகாட்டியவர் கில்பர்ட் ஃபவுலர். அவர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அந்தக் கழகம் பீன்யாவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

கிருமிகள் மலத்தைத் தின்னும். சோற்றுக் கஞ்சியைத் தின்னும். உலோகத்தைத் தின்று தீர்க்க முடியாது. அது நீரில் நிற்கும், அல்லது சேற்றில் தங்கும். நஞ்சு மிகுந்தால் கிருமிகளே செத்துப்போகும். அதனால்தான் பட்டறை நீரை வீட்டுச் சாக்கடையில் விடக்கூடாது என்று சட்டமும் சொல்கிறது, அறிவியலும் சொல்கிறது.

அப்படியானால் பட்டறை நீரை எப்படிச் சுத்தம் செய்வது? வழி இருக்கிறது. அது பட்டறைக்கு உள்ளேயே நடக்க வேண்டும். அலசிய நீரில் முதலில் அமிலம் சேர்க்கிறார்கள். பிறகு சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற உப்பைப் போடுகிறார்கள். மஞ்சள் நீர் பச்சையாக மாறும். ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக மாறிவிட்டது என்று அதற்குப் பொருள். அடுத்து சுண்ணாம்பு போடுகிறார்கள். குரோமியம் பச்சைச் சேறாகக் கீழே இறங்கும். இப்போதுதான் அது படியும் பொருளாகிறது.

அந்தச் சேற்றையும் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. அதற்கென்று அனுமதி பெற்ற பாதுகாப்பான குழிகள் உண்டு. கழிவைத் திறந்தவெளியில் குவித்தால் என்ன ஆகும்? ராணிப்பேட்டையைப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு அங்கே மலையாகக் கிடந்தது. ஆலை நின்ற பிறகும் ஒவ்வொரு மழையிலும் நஞ்சு மண்ணில் இறங்கியது.

பீன்யா பக்கத்துச் சாக்கடை நீர் விருஷபாவதி ஆற்றில் சேர்கிறது. நகரின் கழிவையும் சுமந்துகொண்டு அந்த ஆறு பிடதி அருகே பைரமங்கலா ஏரிக்குப் போகிறது. பிறகு அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. காவிரி மேட்டூருக்கு வருகிறது. வழியில் நீர் பெருகுவதால் நஞ்சின் அளவு குறையும். ஆனால் பைரமங்கலாவில் அது குறைவதற்கு வாய்ப்பு ஏது? அந்தப் பகுதி விவசாயிகள் இந்த நீரைக்கொண்டே பல ஆண்டுகள் தீவனப்புல் வளர்த்து வந்திருக்கிறார்கள். புல்லைத் தின்பது கறவை மாடு.

ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு 25 கிலோ பசுந்தீவனம் தின்னும். வெயில் காலத்தில் 60 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் புல்லில் இருந்தால் மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். ஈயம் எலும்பிலும் தங்கும். ஒரு சிறு பங்கு பாலிலும் வரும். சுண்ணாம்புச் சத்தும் துத்தநாகமும் குறைந்த மாட்டின் உடல் இந்த நஞ்சுகளை அதிகமாக உறிஞ்சுகிறது. அதனால் தாது உப்புக் கலவை கொடுப்பது நல்லது. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் போதும். எந்த மண்ணில் எந்தத் தாது குறைவு என்று பார்த்து அதற்கேற்ற கலவையை உருவாக்கும் ஆய்வு பெங்களூர் ஆடுகோடியில் நடக்கிறது. 1995-இல் தொடங்கிய தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் அங்கே இருக்கிறது. ஆனால் ஒன்று, கலவை கொடுக்கிறோம் என்று சாக்கடைப் புல்லைப் போடக்கூடாது.

இதே நிறுவனம் செடிகளையும் ஆராய்கிறது. மாட்டின் முதல் வயிற்றறையிலும் கிருமிகள்தான் வேலை செய்கின்றன. அங்கே காற்று இல்லை. அதனால் மீத்தேன் வாயு உண்டாகிறது. மாடு அதை ஏப்பமாக விடுகிறது. தீவனத்தின் சத்தில் ஒரு பகுதி அதோடு வீணாகிறது. உலகின் வெப்பமும் கூடுகிறது. துவர்ப்புச் சத்து மிகுந்த செடிப் பொருள்களைக்கொண்டு இந்த நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்ப்பைத் தயாரித்தது. 2021-இல் அது அறிவிக்கப்பட்டது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது என்கிறார்கள். பாக்கை மென்றால் நாக்கைப் பிடிக்கிறதே, அதே துவர்ப்புதான். அளவு மிஞ்சினால் மாட்டுக்குச் செரிக்காது.

மூலிகைக்கும் இந்தக் கவனம் வேண்டும். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரமான கரைகளில் வளரும். சாக்கடைக் கரையிலும் செழிப்பாக வளரும். செடிக்கு நல்ல நீர், கெட்ட நீர் தெரியாது. நீரில் உள்ள உலோகத்தையும் சேர்த்தே உறிஞ்சும். பிள்ளைக்கு ஞாபகசக்தி வரட்டும் என்று கொடுக்கும் வல்லாரையில் ஈயம் இருந்தால்? ஈயம் குழந்தையின் மூளையையே கெடுக்கும். 2006 முதல், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும் என்பது அரசின் விதி. நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வரும் கீரைக்கட்டை யார் சோதிப்பார்கள்? விற்பவரிடம், “எங்கே பறித்தது அம்மா?” என்று நாம்தான் கேட்க வேண்டும்.

தொழிற்பேட்டை அருகே ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் நீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். “குரோமியமும் ஈயமும் பாருங்கள்” என்று சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

முலாம் பட்டறையில் வேலை செய்பவராக நீங்கள் இருந்தால் இன்னும் ஒரு செய்தி. தொட்டியிலிருந்து பொருளைத் தூக்கியதும் உடனே அலசாதீர்கள். அரை நிமிடம் தொட்டிக்கு மேலேயே பிடித்திருங்கள். சொட்டுகிற கரைசல் திரும்பத் தொட்டியிலேயே விழும். முதல் அலசல் தொட்டியில் தண்ணீரை ஓடவிடாமல் தேக்கி வையுங்கள். குரோமியம் சேர்ந்த அந்த நீரைக்கொண்டே முலாம் தொட்டியில் குறைவதை நிரப்பலாம். முதலாளிக்கு ரசாயனச் செலவு மிச்சமாகும். அதைச் சொன்னால் அவர் நிச்சயம் காது கொடுத்துக் கேட்பார்.