ஓடும் பொருளைத் தொடர்ந்து படமெடுக்கும் முறை

விரைந்து செல்லும் சைக்கிள் ஒன்றை விநாடியில் 500-இல் ஒரு பங்கு நேரத்தில் படமெடுத்தால், சைக்கிளும் தெளிவாக விழும். பின்னாலுள்ள மரங்களும் தெளிவாக விழும். ஆயினும் அப்படத்தைக் காண்போர்க்கு அந்த வண்டி ஓடுகின்றதா, நிற்கின்றதா என்பது புலப்படாது. இக்குறையை நீக்கவே, ஓடும் பொருளோடு காமிராவையும் திருப்பிக்கொண்டே ஷட்டரை இயக்கும் முறை தோன்றிற்று. இதனைப் 'பானிங்' என்பர்.

இதன் தத்துவத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டிய சாலையொன்றில் ஒருவர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் செல்வதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 5 மீட்டர். படமெடுப்பவர் 10 மீட்டர் தூரத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் நிற்கிறார். ஷட்டர் விநாடியில் 30-இல் ஒரு பங்கு திறந்திருக்கையில் சைக்கிள் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். காமிரா அசையாதிருந்தால், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமில் அதன் பிம்பம் 0.8 மில்லிமீட்டர் இழுபடும். காமிராவைச் சைக்கிளோடு திருப்பினாலோ, அதே இழுபாடு பின்னணி மரங்களுக்குப் போய்ச் சேரும்; வண்டி தெளிவாய் நிற்கும். இழுபாடு மறைவதில்லை, இடம் மாறுகிறது. எண்முறைக் காமிராவின் உணரிக்கும் இக்கணக்கு பொருந்தும்.

இங்கு ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க ஒரு நுட்பம் உண்டு. உருளும் சக்கரத்தின் அடிப்பகுதி, தரையைத் தொடும் கணத்தில், தரையைப் பொறுத்தமட்டில் அசைவற்றது. உச்சியோ வண்டியைப் போல் இரு மடங்கு வேகத்தில் செல்லும். எனவே அசையாத காமிரா எடுத்த படத்தில் சக்கரத்தின் கீழ்க் கம்பிகள் தெளிந்தும் மேற்கம்பிகள் கலங்கியும் தோன்றும். திருப்பி எடுத்த படத்திலோ சக்கரம் முழுவதும் ஒரே சீராகக் கலங்கியிருக்கும். இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தால், சார்பு வேகம் என்னும் பாடத்திற்குக் கரும்பலகை தேவைப்படாது.

பயில்வோர் பெரும்பாலும் தவறுவது கைவேகத்தில்தான். தொலைவிலிருந்து வரும் வண்டியைத் தொடரக் காமிரா மெல்லத் திரும்பினால் போதும். வண்டி நேரெதிரே வருகையில் மிக வேகமாகத் திரும்ப வேண்டும். மேற்கூறிய சைக்கிளுக்கு அவ்விடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 29 பாகை. அதற்குப் பத்து மீட்டர் முன்னால் இதில் பாதியே. நேரெதிரே வரும் அந்த இடமே படமெடுக்க ஏற்றது. ஏனெனில் அங்குக் கோண வேகமும் தூரமும் சிறிது நேரம் ஏறக்குறைய மாறாதிருக்கும். பாதங்களை அவ்விடம் நோக்கி ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வண்டி வருமுன்னரே தொடரத் தொடங்கி, ஷட்டர் மூடிய பின்னும் சிறிது தூரம் தொடர்தல் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கை நின்றுவிடுவதே பெரும்பாலான படங்கள் கெடக் காரணம்.

மாநகரப் பேருந்தை ஐந்து மீட்டர் தூரத்தில் நின்று இவ்வாறு எடுத்தால் நடுப்பகுதி தெளிந்தும் இரு முனைகளும் கலங்கியும் விழும். இது கையின் குற்றமன்று. நீண்ட பொருளின் முனைகள் நடுவைப் போன்ற கோண வேகத்தில் நகர்வதில்லை. தள்ளி நின்று நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸைப் பயன்படுத்துவதே பரிகாரம்.

வெயிலும் ஓர் இடையூறு. நடுப்பகல் வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 வேகத்தில், விநாடியில் 30-இல் ஒரு பங்கு என்பது பல லென்ஸ்களின் மிகச் சிறிய துவாரத்திற்கும் மிஞ்சிய ஒளி. காலையிலோ மாலையிலோ பயில்வது நன்று. இல்லையேல் சாம்பல் நிற வடிகண்ணாடி வேண்டும்.

பெங்களூருக்கு வடக்கே எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996 முதல் நடத்தப்பட்டு வரும் 'ஏரோ இந்தியா' காட்சிக்குச் செல்வோர், திருப்பும் முறை அங்கு எப்பொழுது பயன்படும் என்பதை முன்னரே தெளிந்திருத்தல் நலம். வெறும் நீல வானில் பறக்கும் ஜெட் விமானத்திற்குப் பின்னால் இழுபடுவதற்கு ஒன்றுமில்லை. அங்கு விரைவான ஷட்டரே போதும். ஓடுபாதையில் விமானம் விரைந்து எழும் வேளையில்தான் புல்லும் கட்டடங்களும் கோடுகளாகும். ஹெலிகாப்டரின் நிலை வேறு. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'துருவ்' பல ஆண்டுகளில் அங்குப் பறந்தது. அத்தகைய ஹெலிகாப்டரின் மேல் விசிறி விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை சுழலும். விநாடியில் 1000-இல் ஒரு பங்கில் அது இரண்டு பாகைகூடத் திரும்பாது. நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போன்ற படமே கிடைக்கும். 60-இல் ஒரு பங்கில் 30 பாகை திரும்பும். ஆயின் கை பிசகாமல் தொடர வேண்டும்.

குறைபட்ட தொடர்தலும் சில வேளை புகழ் பெறுவதுண்டு. பிரெஞ்சுக்காரரான லார்த்தீக் 1910-களின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார்ப் படத்தில் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த முட்டை வடிவாகவும், வேடிக்கை பார்ப்போர் பின்னோக்கிச் சாய்ந்தும் காணப்படுகின்றனர். அவர் காமிராவைக் காரைவிடச் சற்று மெதுவாகத் திருப்பினார். அக்காமிராவின் ஷட்டர் பிளவு படத்தை ஒரே கணத்தில் பதியாமல் பகுதி பகுதியாகப் பதித்தது.

கண்ணைக் காட்சித் துளையில் வைத்துத் திரும்புபவர் தம் முதுகுப்புறம் வரும் வண்டியைக் காணமாட்டார். ஆகவே மாணவர்களைச் சாலையோரத்தில் நிறுத்தாமல் வேலிக்கு உட்புறமே நிறுத்துதல் வேண்டும். விமானத்தைத் தொடர்கையில் தொலைநோக்கு லென்ஸின் பார்வையில் சூரியன் புகுந்தால் கண்ணுக்கு நிலையான கேடு விளையலாம். சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி இடத்தை முதலில் தேர்ந்துகொண்டு, அதன்பின் காமிராவை உறையிலிருந்து எடுக்கவும்.