சிரோலிமஸ் சாப்பிடும் பெண்ணுக்கு நீர்க்கட்டி வந்தால்

கிட்னி மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடம்பு புதுக் கிட்னியை நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவற்றில் ஒன்றான சிரோலிமஸ், சில பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டியை உண்டாக்குகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகும்; சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும். கனடாவின் எட்மன்டனில் டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்குக் கணையச் செல்களை மாற்றி வைத்து, சிரோலிமஸும் டாக்ரோலிமஸும் கொடுத்தார்கள். அந்த முறை 2000இல் வெளியானது. அப்படிச் சிகிச்சை பெற்ற பெண்கள் பலருக்கு நீர்க்கட்டி வந்தது. சிரோலிமஸை நிறுத்தியபின் பெரும்பாலானோருக்கு அது சுருங்கியது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். நீர்க்கட்டி பெரும்பாலும் காத்திருக்கும். நிராகரிப்பு காத்திருக்காது, கிட்னியே போய்விடலாம்.

முதலில், மாதவிலக்குத் தேதி, எத்தனை நாள் போனது, வலி எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சிரோலிமஸ் எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். தேதிகளைச் சேர்த்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். நாள் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி 12 வாரம் வரையிலும் கருத்தடை அவசியம்.

அடுத்து ஸ்கேன். படுத்தவுடனே, மாற்றுக் கிட்னி எந்தப் பக்கம் வைத்திருக்கிறது என்று ஸ்கேன் செய்பவரிடம் சொல்லுங்கள். அது அடிவயிற்றில், சினைப்பைக்கு அருகிலேயே இருக்கிறது. கிட்னியைச் சுற்றி நிணநீர் தேங்குவதும் சிரோலிமஸ் சாப்பிடுவோருக்கு வரக்கூடியதுதான். படத்தில் அதுவும் நீர் நிறைந்த பைபோலத்தான் தெரியும். ரிப்போர்ட்டில் கட்டியின் அளவும், உள்ளே வெறும் நீரா, கெட்டியான பகுதி உண்டா என்பதும் இருக்க வேண்டும். வெறும் நீர் என்றால் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதே வழக்கம்.

பிறகு ரிப்போர்ட்டை மகப்பேறு மருத்துவர், கிட்னி மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. நடுவில் தகவல் கொண்டுபோக வேண்டியவர் நீங்கள்தான். கிட்னி மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: ரத்தத்தில் சிரோலிமஸ் அளவு எவ்வளவு? குறைக்க முடியுமா? வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா? அந்த ரத்தப் பரிசோதனைக்குக் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் போக வேண்டும். கட்டியை அறுவை செய்து எடுப்பதாகச் சொன்னாலும், தேதி குறிக்கும் முன் அவரிடம் கேட்டாக வேண்டும். சிரோலிமஸ் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

மெடிக்கல் ஷாப் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மாதவிலக்கு வலிக்கு வழக்கமாக வாங்கும் மெஃப்டால், புரூஃபென் போன்றவை மாற்றுக் கிட்னிக்கு ஆகாது. பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் ஹார்மோன் மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். கிரேப்ஃப்ரூட், அதன் இனமான பம்பளிமாஸ் வேண்டாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை சிரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். நாட்டு மருந்தும் கேட்காமல் வேண்டாம்.

திடீரென ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்டீராய்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சலோ வயிற்று இறுக்கமோ வெளியே தெரியாமல் போகலாம். காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.