விமானப் பயிற்சித் தேர்வுக்கு ஆயத்தமாதல்

சிவகாசியிற் செய்த வாணம் விண்ணேறுங்கால் அண்ணாந்து நோக்காதார் நம் நாட்டில் இலர். விருதுநகர், சாத்தூர், சிவகாசி முதலிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் இளைஞருள், தாமே விண்ணேற விழைவாரும் சிலர் உளர். அவர்தம் ஆவலுக்கும் விமானத்திற்கும் இடையே நிற்பது தேர்வு நாள். அந்நாளுக்கு ஆயத்தமாகும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் மூன்றும் வினைமேற் செல்வான் அறியவேண்டுவன. நான்காவது, ஒருவனை ஆராய்ந்து நம்புவான் அறியவேண்டுவது. இம்முறையே நமக்கும் வழிகாட்டும்.

முதலாவது வலியறிதல். இந்திய விமானப்படையில் விமானியாக விழையும் பட்டதாரி, பன்னிரண்டாம் வகுப்பிற் கணிதமும் பௌதிகமும் பயின்றிருத்தல் வேண்டும். பட்டம் எத்துறையினதாயினும் அமையும். ஆகவே அவ்விரண்டையும் பள்ளியிற் கற்றுவந்த தமிழ் மாணவர்க்கும் வழி அடைபடவில்லை. மகளிர்க்கும் இவ்வாய்ப்பு உண்டு. 2016-இல் மூவர் போர் விமானிகளாயினர்.

கல்வியினும் முந்தி ஆராயத்தக்கது கண். விமானத்தின் இடச்சிறகிற் செவ்விளக்கும் வலச்சிறகிற் பச்சை விளக்கும் எரியும். இரவில் எதிர்ப்படும் விமானத்தின் போக்கை விமானி அவற்றாலேயே அறிகிறான். வானொலி பழுதுற்றகாலை, கட்டுப்பாட்டுக் கோபுரமும் பச்சை ஒளியால் இறங்குக என்றும், செவ்வொளியால் இறங்காது சுற்றி நிற்க என்றும் பணிக்கும். மத்தாப்பின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியமாட்டாத கண்ணுடையார் இத்தொழிற்கு ஏலார். நிறக்குருடு பெரும்பாலும் பிறவியில் அமைவது, பயிற்சியால் நீங்குவதன்று. தந்தையார் நிலத்தை விற்றுப் பயிற்சிப் பள்ளிக்குப் பணங்கட்டிய பின்னர் இஃது வெளிப்படுமாயின் ஒரு குடும்பமே துயருறும். ஆதலின் கண் மருத்துவரை முதற்கண் அணுகுக.

இரண்டாவது காலமறிதல். விமானப்படைத் தேர்வின் இறுதியிற் கணினி வழியாக விமானித் திறன் சோதிக்கப்படும். கருவி முகப்புகளை விரைந்து படித்தறிதலும், கையுங் காலுங் கண்ணும் ஒருங்கியையச் செயற்படுதலும் அங்கு வேண்டப்படுவன. இச்சோதனையில் ஒருமுறை தவறினார்க்கு மறுமுறை இல்லை. ஆதலின் “சென்றுதான் பார்ப்போமே” என்று உறக்கங்கெட்டும் உடல்நலிந்தும் செல்லுதல் பேதைமையாம்.

மூன்றாவது இடனறிதல். மைசூர், டேராடூன் முதலிய இடங்களில் தேர்வுக் குழுக்கள் அமர்கின்றன. முதல் நாள் அறிவுச் சோதனையும், ஒரு படத்தைக் கண்டு கதை புனைந்து பிறரோடு உரையாடலும் நிகழும். அதில் தேறினார்க்கே உளச்சோதனை, குழுவாகச் செய்யும் பணிகள், நேர்முக உரையாடல் ஆகியவை உண்டு. எஞ்சியோர் அன்றே ஊர் திரும்புவர். நம் பக்கத்து மாணவர் பலர் பொருளறிந்திருந்தும் ஆங்கிலத்திற் சொல்லெழாமல் நிற்பதுண்டு. கல்லூரி நாவலர் மன்றத்தில் வாரந்தோறும் எழுந்து பேசுதலே இதற்கு மருந்து.

நிற்க. தெரிந்து தெளிவார் நோக்குவது யாது? இரவல் விடைகளை அன்று, இயல்பினையே. சவுல் அரசன் அளித்த கவசத்தைத் தாவீது தனக்குப் பழக்கமில்லையென்று களைந்துவிட்டு, ஆடு மேய்த்த காலத்திற் பழகிய கவணையே கைக்கொண்டான். பட்டாசுத் தொழிலில் மருந்து கலப்பாரை நோக்குக. பரிசோதகர் வரும் நாளில் மட்டும் கருத்தாயிருத்தல் அவர்க்குப் போதாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிடியிலும் கருத்து வேண்டும். காலந்தவறாமையும், பிறர்க்குச் செவிகொடுத்தலும், அச்சத்திடை அமைதியும் அவ்வாறே நாடோறும் பழகி வருவன.

இத்துணை முயன்றும் தேறாதொழியின் என் செய்வது? 1985 வரை நம் பகுதியையும் உள்ளடக்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்திற் பிறந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்றவர் அப்துல் கலாம். 1958-இல் டேராடூன் தேர்வில் 25 பேருள் 9-ஆம் இடம் பெற்றார். கொள்ளப்பட்டோர் 8 பேரே. மனமுடைந்தும் முயற்சியை விடாத அவர், 1980-இல் ரோகிணி துணைக்கோளை விண்ணேற்றிய ராக்கெட்டுத் திட்டத்தின் இயக்குநராயினார். குடியரசுத் தலைவராயிருந்த காலத்து, 2006 ஜூன் 8-ஆம் நாள், புனேயிற் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். அப்போது அவர்க்கு வயது 74.

மாணவ நண்பர்களே! தேர்வுக் குழுவின் தீர்ப்பு நம் கையில் இல்லை. ஆயத்தம் நம் கையில் உளது. அதனை இன்றே தொடங்குவோமாக.