படகில் எக்கோ சவுண்டர்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

கம்ப்யூட்டருக்கு ரேம் போடுவதும் ஹார்ட் டிஸ்க் மாற்றுவதும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அதனால்தான் மணப்பாட்டில் பைபர் படகு வைத்திருக்கும் என் மாமா, "மாப்ள, மீன் காட்டுற மிஷின் வாங்கப் போறேன், நீயே வந்து மாட்டிக் குடு" என்றார். அவருடைய அடிவலை இரண்டு முறை பாரில் சிக்கிக் கிழிந்திருந்தது. கடன் வாங்கிக் கட்டிய வலை. மூன்றாவது முறையும் கிழிந்தால் தாங்காது. நான் தைரியமாக ஒப்புக்கொண்டேன். முதல் முறை தவறாகப் பொருத்தினேன். அந்தத் தவறை நீங்களும் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு பாகங்கள் உள்ளன. ஸ்கிரீன் உள்ள பெட்டி ஒன்று. தண்ணீரைப் பார்த்து இருக்கும் டிரான்ஸ்டியூசர் மற்றொன்று. டிரான்ஸ்டியூசர் நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழே அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்புகிறது. கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 20 பாகம், அதாவது சுமார் 37 மீட்டர் ஆழத்தில் ஒலி போய் வர, ஒரு விநாடியில் 20ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அந்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவதுதான் பெட்டியின் வேலை.

எதை வாங்குவது?

கம்ப்யூட்டர் வாங்கும்போது மானிட்டரின் அளவை மட்டும் பார்த்து ஏமாறுவோம் அல்லவா? இங்கும் அப்படித்தான். முதலில் பார்க்க வேண்டியது ஃபிரீக்வென்சி.

• 200 கிலோஹெர்ட்ஸ்: ஒலிக்கூம்பு குறுகலானது. ஆழம் குறைந்த கடலில் தெளிவாகக் காட்டும்.
• 50 கிலோஹெர்ட்ஸ்: கூம்பு அகலமானது. அதிக ஆழத்துக்குப் போகும். ஆனால் நுணுக்கம் குறைவு.
• சிர்ப்: ஒரே ஃபிரீக்வென்சிக்குப் பதில் ஒரு வரிசையையே அனுப்பும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மீன்களைப் பிரித்துக் காட்டும்.

கரையோரம் தொழில் செய்யும் மாமாவுக்கு 200 போதும். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இரண்டும் உள்ளதை வாங்குங்கள். வெயிலில் தெரியும் ஸ்கிரீன், தண்ணீர் புகாத பெட்டி ஆகிய இரண்டையும் கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்த்தே வாங்குங்கள்.

நான் செய்த தவறு

டிரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில் வெளியே திருகி மாட்டினேன். ஒயர் நீளம் குறையட்டும் என்று அவுட்போர்டு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கரையருகே நின்றபோது படம் அருமையாக வந்தது. ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் ஸ்கிரீன் முழுக்கக் கோடும் புள்ளியும்தான். "என்ன மாப்ள, ஓட ஆரம்பிச்ச உடனே உன் கம்ப்யூட்டர் கண்ண மூடிக்கிடுது?" என்றார் மாமா.

காரணம் எளிது. புரொப்பெல்லர் கிளப்பும் காற்றுக் குமிழ்கள் ஒலியைத் தடுத்துவிட்டன. இந்தக் கருவிக்கு முதல் எதிரி காற்றுதான். புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டராவது தள்ளி வைத்திருக்க வேண்டும். அதோடு விடவில்லை. மாலையில் படகை மணலில் இழுத்து ஏற்றும்போது, அடியில் நீட்டிக்கொண்டிருந்த டிரான்ஸ்டியூசர் தரையில் உரசி அதன் கிளாம்ப் வளைந்துவிட்டது. துறைமுகத்தில் கட்டும் படகுக்குச் சரியான முறை, மணலில் ஏற்றும் படகுக்குச் சரிவராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரியான முறை: உள்ளே ஒட்டுவது

பைபர் அடித்தளத்தைத் தாண்டி ஒலி போகும். எனவே படகின் உள்பக்கமாகவே ஒட்டலாம். ஓட்டை போட வேண்டியதில்லை. மூன்று நிபந்தனைகள் உண்டு. டிரான்ஸ்டியூசர் உள்ளே ஒட்டும் வகையாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் பைபருக்கு நடுவே பலகையோ ஃபோமோ இருக்கக் கூடாது. கொஞ்சம் ஒலி வலு குறையும், தண்ணீரின் வெப்பநிலை காட்டாது என்பதை ஏற்க வேண்டும். தரையைப் போட்டோ போலக் காட்டும் ஸ்கேன் வகைகளுக்கு இந்த முறை ஒத்துவராது.

1. பின்பக்கம், நடுக்கோட்டுக்கு அருகில், ஓடும்போதும் தண்ணீர் விட்டு விலகாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.
2. உடனே ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி அங்கே வைத்து, அதற்குள் டிரான்ஸ்டியூசரை நிறுத்தி, படகை ஓட்டிப் பாருங்கள். படம் நன்றாக வந்தால் அதுவே இடம்.
3. பெயின்ட், எண்ணெய், அழுக்கு போகும்வரை உப்புத்தாள் தேய்த்து, துடைத்துக் காய விடுங்கள்.
4. எபாக்ஸியை மெதுவாகக் கலக்குங்கள். டிரான்ஸ்டியூசரை அழுத்தி, லேசாகத் திருகி ஒட்டுங்கள். உள்ளே ஒரு குமிழ்கூட நிற்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் ஆட்டாமல் விடுங்கள்.
5. டிரான்ஸ்டியூசர் ஒயரை வெட்டாதீர்கள். மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள். வயர்லெஸ் ஒயர், இன்ஜின் ஒயர் ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கட்டினால் ஸ்கிரீனில் இரைச்சல் வரும்.
6. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக, கையேட்டில் சொன்ன அளவு ஃபியூஸ் வைத்து இணைப்புக் கொடுங்கள்.

செட்டிங்ஸ்

மெனுவில் யூனிட்ஸ் பகுதிக்குச் சென்று ஃபேத்தம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது நம் பாகத்துக்குச் சமம். மாமாவுக்கு மீட்டர் கணக்கு ஒத்துவராது. பாகம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் வகையில் கடல் நீர் என்று வையுங்கள். மீன் படம் போட்டுக் காட்டும் ஃபிஷ் ஐடியை நிறுத்திவிடுங்கள். குமிழைக்கூட அது மீன் என்று சொல்லும். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவில் குறைவு, வெளியேறும்போது மீண்டும் அதிகம். அதனால்தான் வில் போன்ற வளைவு தெரிகிறது. அந்த வளைவைப் படிக்கப் பழகுங்கள்.

இன்னும் ஒன்று. ஸ்கிரீனில் வலது ஓரக் கோடு மட்டும்தான் இப்போது படகுக்குக் கீழே இருப்பது. மற்றதெல்லாம் கடந்துபோனது. முன்னால் இருப்பதை இது காட்டாது. கூம்பு 20 டிகிரி என்றால், 20 பாகம் ஆழத்தில் தரையில் சுமார் 13 மீட்டர் அகல வட்டம். மீன் அதற்குள் எங்கேயும் இருக்கலாம்.

ஒட்டி முடித்து, கரையிலிருந்து கடலுக்குப் போனோம். மாமா முதலில் ஈயக் கட்டி கட்டிய கயிற்றை இறக்கி அளந்தார். 9 பாகம். ஸ்கிரீனிலும் 9. பிறகு வேகமாகப் போகும்போதும் படம் அசையவில்லை. குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவை ஆலயம் சிறிதாகத் தெரிந்த இடத்தில், தரைக்கோடு திடீரென மேலேறிக் கரடுமுரடானது. "இதுதான் மாப்ள என் வலையைத் தின்ன பாரு" என்றவர், படகைத் திருப்பித் தள்ளிப் போய் வலையை இறக்கினார். அன்று வலை முழுசாகத் திரும்பியது.

ஈயக் கயிறு இன்னும் அவர் படகில்தான் இருக்கிறது. நீங்களும் அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பேட்டரி இறங்கிய நாளில் அதுதான் உங்கள் பேக்கப்.