பழைய கிரைண்டர் ஸ்பிண்டிலுக்கு எந்த ஆயில்?

பழைய சர்ஃபேஸ் கிரைண்டரை ஏலத்தில் எடுத்தவர் முதலில் கேட்பது, ஸ்பிண்டிலுக்கு என்ன ஆயில் ஊற்றுவது என்றுதான். உள்ளே இருப்பது புஷ்ஷா, பால் பேரிங்கா என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. ஆயில் கப், சைட் கிளாஸ், ட்ரெயின் பிளக் ஆகியவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அது ஆயிலில் ஓடும் ஸ்பிண்டில். பழைய மெஷின் என்றால் பெரும்பாலும் புஷ். இரண்டு முனையிலும் வெறும் மூடிதான் என்றால் கிரீஸ் அடைத்த பேரிங்.

கிரீஸ் நிப்பிளை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஆயில் கப் உடைந்த ஓட்டையில் நிப்பிளைத் திருகி, வருடக்கணக்கில் கிரீஸ் கன் அடித்த மெஷின்கள் உண்டு. நிப்பிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஃபெல்ட் திரி தெரிந்தால் அது ஆயில் வழி. கிரீஸ் ஏறிய திரி ஆயிலை உறிஞ்சாது. திரியை மாற்றி, வழியைக் கழுவி எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

புஷ் ஸ்பிண்டிலில் தேர்வு பெரும்பாலும் வி.ஜி. 2, 10, 22 ஆகிய மூன்றுக்குள் முடிந்துவிடும். வி.ஜி. எண் என்பது 40 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை. 2 என்பது கிட்டத்தட்ட மண்ணெண்ணெய் போல ஓடும். பழைய அமெரிக்க மெஷின்களின் பிளேட்டில் வி.ஜி. இருக்காது; 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இத்தனை சேபோல்ட் வினாடி என்றிருக்கும். 60 வினாடி என்றால் வி.ஜி. 10, 100 என்றால் 22, 150 என்றால் 32 என்று எடுத்துக்கொள்ளலாம். டப்பாவில் உள்ள எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. மொபில் வெலாசைட் நம்பர் 6தான் வி.ஜி. 10. நம்பர் 10 என்று எழுதியிருப்பது வி.ஜி. 22.

பிளேட் தேய்ந்து எதுவும் படிக்க முடியவில்லை என்றால் நான் 10-இல் தொடங்கச் சொல்வேன். வி.ஜி. 2 மிக இறுக்கமான கிளியரன்ஸ் உள்ள ஸ்பிண்டிலுக்கு உரியது. தேய்ந்த புஷ்ஷில் அதை ஊற்றினால் ஆயில் படலம் நிற்காது, உலோகம் உலோகத்தைத் தொடும். தேய்மானம் கூடியிருந்தால் 22-க்குப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் பட்டறையில் நடப்பது வேறு. ஸ்பிண்டில் சத்தம் போடுகிறது, ஜாபில் சாட்டர் மார்க் விழுகிறது என்றதும் 68 ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். சத்தமும் அடங்கும், சிறிது நேரத்துக்கு. கெட்டி ஆயில் 2800 ஆர்.பி.எம்.-இல் கடையப்படும்போது சூடு ஏறுகிறது. 50 மி.மீ. ஷாஃப்ட் ஹவுசிங்கைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் சுமார் 11 மைக்ரான் கூடும். நல்ல புஷ்ஷில் மொத்தக் கிளியரன்ஸே அந்த அளவில்தான் இருக்கும். ஆயிலுக்கு இடமில்லாமல் போய் ஷாஃப்ட் புஷ்ஷைக் கவ்விக்கொள்ளும். சத்தத்துக்கு மருந்து புஷ்ஷை அட்ஜஸ்ட் செய்வதிலோ புதிது போடுவதிலோ இருக்கிறது, ஆயிலில் இல்லை.

ஊற்றியது சரியா என்பதைக் கையே சொல்லிவிடும். ஒரு மணி நேரம் ஓட்டி ஹவுசிங்கில் உள்ளங்கையை வையுங்கள். இதமான சூடு இருக்கலாம். கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் ஒரு கிரேடு இறங்குங்கள், அல்லது கிளியரன்ஸைப் பாருங்கள்.

மாற்று ஆயில்களில் கியர் ஆயிலை அறவே தவிர்க்க வேண்டும். அதிலுள்ள கந்தகம் வெண்கல புஷ்ஷை அரிக்கலாம். மெஷினின் ஸ்லைடுக்கு வாங்கிய வே ஆயில் பிசுக்குத் தன்மை சேர்த்தது, ஸ்பிண்டிலுக்கு ஆகாது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: நூற்பாலைகளின் ரிங் ஸ்பிண்டிலுக்கு ஊற்றும் சர்வோஸ்பின் 12 போன்ற ஆயில் நம் வேலைக்கும் பொருந்தும். பக்கெட்டாக வாங்க வேண்டியதில்லை, மில் ஸ்டோர்ஸ் பழக்கம் இருந்தால் அரை லிட்டர் கிடைத்துவிடும். திருப்பூரின் நிட்டிங் ஆயிலும் பார்வைக்கு இதே போல இருக்கும். துணியிலிருந்து கழுவினால் போகும்படி தயாரித்தது அது. கூலன்ட் பட்டால் தண்ணீரோடு கலந்துவிடும். சைட் கிளாஸில் ஆயில் பால் நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள், அன்றே மாற்றுங்கள்.

கிரீஸ் ஸ்பிண்டிலில் யோசிக்க அதிகம் இல்லை. சீல் செய்து வந்ததென்றால் தொடாதீர்கள். சத்தம் வந்தால் பேரிங்கை ஜோடியாக மாற்றி, புது கிரீஸை உள் இடத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் வையுங்கள். எஸ்.கே.எஃப். எல்.ஜி.எல்.டி. 2, க்ளூபர் ஐசோஃப்ளெக்ஸ் என்.பி.யூ. 15 இரண்டும் மெல்லிய ஆயில் அடிப்படையில் செய்தவை. எது கிடைத்தாலும் சரி. சாதாரண லித்தியம் கிரீஸிலும் 30 மி.மீ. பேரிங் 2800 வேகத்தில் ஓடும், உடனே கெட்டுப்போகாது. ஆனால் சூடு கூடும், சூட்டில் ஸ்பிண்டில் நகரும், காலையில் செட் செய்த அளவு மதியம் இருக்காது. பழைய கிரீஸோடு புதியதைக் கலக்காமல், பேரிங் வீட்டைத் துடைத்தெடுத்துவிட்டு அடையுங்கள். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம். ஒரு நூல் உள்ளே தங்கினாலும் பேரிங்கில் தெரியும்.